நாற்பத்து மூன்று தயக்கங்கள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்குக் கொடுக்கப்போகும் கையேட்டில் நாலு பக்கம் எழுதித் தரும்படி அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். "ஊக்கமா இருக்கணும் மேடம்" என்றும் சொன்னார்கள். ஊக்கம் கொடுக்கும் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது காலையில் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கவே எனக்கு யாராவது ஊக்கம் கொடுத்தால் தேவலை. அதனால் அந்தப் பகுதியை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஒரு மாவட்டத்துப் பிள்ளைகள் அத்தனை பேரையும் நான் எப்படி ஒரே பிள்ளையாக மாற்றினேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் இந்த வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் நியமனக் கடிதத்தைப் படித்து அதைத் தெரிந்துகொண்டவர் இதுவரை யாரும் இல்லை. பதினாலு வயதிலிருந்து இருபத்து நாலு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு நாம் ஒரு விருது தருகிறோம். வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று நிலை. பிள்ளை தனக்குப் பிடித்த ஒரு சேவை, ஒரு திறன், ஒரு விளையாட்டு ஆகியவற்றைத் தானே தேர்ந்தெடுத்து மாதக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும். செய்ததைத் தன் பதிவேட்டில் தானே எழுத வேண்டும். வெளியூரிலிருந்து மதிப்பீட்டாளர் ஒருவர் வந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தி என்றால் சான்றிதழ். சில கல்லூரிகளில் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு இருக்கிறது. அதனால்தான் பெற்றோர் நம்மை வாசலிலேயே நிற்க வைத்துத் திருப்பி அனுப்பாமல் இருக்கிறார்கள்.

பிள்ளைகளோடு இருந்து வழிகாட்டுவது இளைஞர் பணியாளர், அதாவது நீங்கள். பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பது அன்றைக்கு நான். பிள்ளைகளிடமிருந்து இரண்டு படி தள்ளி உட்கார்ந்திருப்பதால் எந்தத் தப்பும் என் புடவையில் தெறிக்காது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடி. கீழே வீட்டுக்காரர் குடும்பம், மேலே நாங்கள். பயிற்சி மூன்று நாள் நடக்கும். முதல் நாள் காலையில் எல்லாரும் வட்டமாக நின்று ஒரு பந்தைத் தூக்கிப் போட்டுப் பெயர் சொல்ல வேண்டும். எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவர்கள், கல்யாணமாகிக் குழந்தை பெற்றவர்கள் எல்லாம் பந்தைத் தவறவிட்டுக் குனிந்து தேடியபடி என்னை மனசுக்குள் திட்டுவார்கள். பிறகு 'உங்கள் எதிர்பார்ப்புகள்' என்று சார்ட்டில் எழுதச் சொல்வேன். ஒருவர் 'மதியம் எலுமிச்சை சாதம் வேண்டாம்' என்று எழுதினார். அது ஒன்றைத் தவிர மற்ற எதிர்பார்ப்புகள் யாவும் நிறைவேறின என்று நான் அறிக்கை எழுதி அனுப்பினேன். யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை. அறிக்கைகளை யாரும் படிப்பதில்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பதிவேடுகளை மட்டும் ஒருத்தி உட்கார்ந்து படிப்பாள் என்று நான் எப்படி நினைப்பேன்?

இரண்டாம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு பதிவேடு எழுதும் பாடம். கண்கள் சொருகும் நேரம் அது. "புள்ளைங்க தாங்களே எழுதணும், யோசிச்சு எழுதணும், நீங்க கேள்வி மட்டும் கேளுங்க" என்று தொண்டை வறளச் சொல்வேன். சொல்லி முடித்ததும் பின்வரிசையில் ஒரு கை எழும். "மேடம், ஒரு மாடல் காட்டுனீங்கன்னா நல்லா இருக்கும்." இரண்டு வருஷம் மறுத்தேன். மூன்றாவது வருஷம் எனக்கே அலுத்துவிட்டது. கலா என்று ஒரு பெண்ணை நானே கற்பனை செய்து, அவள் முதியோருக்குச் சேவை செய்ததாக ஒரு பக்கம் எழுதினேன். என்னிடம் இருந்த இலக்கியம் முழுவதையும் அதில் இறக்கினேன்.

'முதல் நாள் எனக்கு மிகுந்த தயக்கமாக இருந்தது. மக்களோடு பழகப் பழகத் தயக்கம் நீங்கித் தன்னம்பிக்கை மலர்ந்தது. குழுவாகச் செயல்படும் பண்பையும் நேரத்தின் அருமையையும் கற்றுக்கொண்டேன்.'

இதைத் திரையில் போட்டதும் அறையில் இருந்த அத்தனை செல்போன்களும் ஒரே சமயத்தில் எழுந்தன. சினிமா நடிகை கடை திறக்க வந்தால் கூட்டம் எப்படிப் படம் எடுக்குமோ அப்படி எடுத்தார்கள். எனக்கு அப்படி ஒரு பெருமை. "நல்லா தெரியுதா? லைட்டை அணைக்கட்டுமா?" என்று வேறு கேட்டேன்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. களத்தில் நிலைமை என்னவென்று நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. நாலு மாதம் வெயிலில் நின்று சேவை செய்த பிள்ளையிடம் பதிவேட்டைக் கொடுத்தால் 'போனேன். செய்தேன். வந்தேன்' என்று எழுதித் தரும். சில பிள்ளைகள் 'வந்தேன்' என்பதையும் விட்டுவிடும். தேதி நெருங்கும். பணியாளர் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பார். பிள்ளை பாவம், நல்ல பிள்ளை, எழுதத்தான் வரவில்லை, நாம் கொஞ்சம் கைகொடுத்தால் என்ன என்று தோன்றும். நீங்களும் ஒருநாள் அப்படி நினைப்பீர்கள். நல்ல மனசோடுதான் நினைப்பீர்கள். நம் தொழிலில் பெரிய தப்புகள் எல்லாம் நல்ல மனசோடு செய்யப்பட்டவைதான். கெட்ட மனசுக்காரர்கள் இந்தச் சம்பளத்துக்கு வர மாட்டார்கள்.

அப்படி நல்ல மனசுக்காரர்களில் முதல் ஆள் தினகரன். வயது இருபத்தைந்து, போளூர் பக்கத்துக் கிராமம், விவசாயக் குடும்பம். முத்து முத்தான கையெழுத்து. அடி அண்ணாமலைக் குழு அவன் பொறுப்பு. அந்த முறை மாவட்டம் முழுவதிலிருந்தும் வந்த பதிவேடுகள் நாற்பத்து மூன்று. அவன் குழுவின் பதிவேடுகளைப் பார்த்து நான் மற்றவர்களிடம், "புள்ளைங்க எப்படி எழுதியிருக்குது பாருங்க, கத்துக்குங்க" என்று சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அடக்கம் என்று நினைத்தேன்.

அந்தக் குழுவில் வளர்மதி என்று ஒரு பெண். பதினெட்டு வயது, பிளஸ் டூ முடித்திருந்தாள். அப்பாவுக்கு கிரிவலப் பாதையில் சின்னதாக ஒரு டீக்கடை. அவள் எடுத்துக்கொண்ட சேவை, பௌர்ணமி தோறும் கூட்டத்தில் பிரிந்துபோனவர்களைச் சேர்த்துவைப்பது. கடைக்குப் பக்கத்தில் ஒரு சாமியானா, ஒரு மேசை, ஒரு மைக். சாயங்காலம் நாலு மணியிலிருந்து எட்டு மணி வரை அவள் அங்கே இருப்பாள். பத்து மாதம் ஒரு பௌர்ணமிகூட விடவில்லை. வெள்ளி விருதுக்கு மனு போட்டிருந்தாள்.

மதிப்பீட்டாளர் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. புதன்கிழமை வளர்மதியும் அவள் அப்பாவும் மாடியேறி வந்தார்கள். வேலூரில் ஒரு கல்லூரியில் சமூகப்பணிப் பட்டப்படிப்பு. மார்க் கொஞ்சம் கம்மி, ஆனால் சேவைச் சான்று இருந்தால் எடுத்துக்கொள்வோம் என்று சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை கடைசி நாள். அவள் அப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்து சுற்றி வளைக்காமல் பேசினார்.

"மேடம், எனக்கு ஒண்ணும் இல்ல. சர்டிபிகேட் வந்துச்சுன்னா வேலூர்ல சேத்துடுறேன். வரலைன்னா செவ்வாக்கெழமை கம்பெனி வண்டில வேலைக்கு ஏத்திவுட்டுடுவேன். தெருவுல பாதிப் பொண்ணுங்க அந்த வண்டிலதான் போவுது. ஒரு வருசம் சும்மா ஊட்டுல குந்த வெக்க முடியாது."

வளர்மதி சுவரில் ஒட்டியிருந்த எங்கள் சார்ட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, "வெள்ளிக்கிழமை சாயங்காலம் லெட்டர் கையில இருக்கும். நான் கேரண்டி" என்றேன். இந்தக் கேரண்டி என்ற வார்த்தையை மிக்ஸி விற்பவர்களுக்கு விட்டுவிடுங்கள். நம் வாயில் வரக் கூடாது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மதிப்பீட்டாளர் சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை, அவருக்கு அது பிடிக்காது. என்னைவிடப் பதினைந்து வயது சின்னப் பெண்மணி. குரல் உயராது. நாங்கள் வாங்கி வைத்திருந்த பொக்கேயை வாங்கி மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, தேங்காய் பன்னையும் ஒதுக்கிவிட்டு, பதிவேடுகளைக் கேட்டார். இருபது நிமிஷம் படித்தார். பிறகு எழுந்து தரையில் ஒவ்வொன்றாகத் திறந்து வரிசையாக அடுக்க ஆரம்பித்தார். வடாம் காயப்போடுவதைப் போலப் பொறுமையாகப் பரப்பி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், இந்த ஊர்ல முதல் நாளே தயக்கம் இல்லாம இருந்த பிள்ளை ஒண்ணுகூட இல்லையா?"

குனிந்து பார்த்தேன். செடி நட்ட பையனுக்குத் தயக்கம். தையல் கற்ற பெண்ணுக்குத் தயக்கம். கபடி ஆடும் ஒருவன், எனக்குத் தெரிந்து மாவட்டத்திலேயே வாயாடி, அவனுக்கும் மிகுந்த தயக்கம். எல்லாருக்கும் பழகப் பழக நீங்கியிருந்தது, எல்லாருக்கும் தன்னம்பிக்கை மலர்ந்திருந்தது. அந்தக் கபடிப் பையனின் பதிவேட்டில் இரண்டாம் பக்கத்தில் 'கலாவாகிய நான்' என்று தொடங்கும் ஒரு வரியும் இருந்தது.

மதிப்பீட்டாளர் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, "கலா யாரு?" என்று கேட்டார்.

இந்த இடத்தில் நான் ஒரு பொய் சொன்னேன். "எல்லாப் பணியாளர்களும் ஒரே பயிற்சில கலந்துகிட்டதால மொழி நடை கொஞ்சம் ஒத்துப்போயிருக்கலாம்" என்றேன். முப்பது வருஷ அனுபவம் இருந்தால் இந்த மாதிரி வாக்கியங்கள் தானாக வரும். யோசிக்கவே வேண்டாம். அவர் விரலை எடுக்காமல் என்னைப் பார்த்தார். ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

மாடிப்படியின் மேல்படியில் தினகரன் நின்றிருந்தான். முகத்தில் ரத்தம் இல்லை. நான் செய்ததைச் சொல்கிறேன், சிரிக்க வேண்டுமானால் சிரித்துக்கொள்ளுங்கள். அவன் தோளைப் பிடித்து, "டேய், சாப்பாட்டுக்குள்ள எத்தனை புக்கை மாத்த முடியும்? தயக்கம்னு வர்ற இடத்துல எல்லாம் கூச்சம்னு போடு" என்றேன்.

"மேடம், கூச்சம் நான் ஏற்கெனவே பத்து புக்குல தயக்கத்தோட சேத்துப் போட்டிருக்கேன். ரொம்ப ஒரே மாதிரி இருக்குதேனு."

"அப்போ பயம்?"

"பயம்னா நெகட்டிவா இருக்குமேனு வுட்டுட்டேன் மேடம்."

அப்போதுதான் கீழே நாலாவது படியில் யாரோ உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். வளர்மதி. கடிதத்தைக் கையோடு வாங்கிப்போக அப்பா காலையிலேயே அனுப்பிவிட்டிருக்கிறார். நாங்கள் பேசிய அத்தனையும் அவள் காதில் விழுந்திருக்கிறது. அவள் எழுந்து நின்று, கோபமே இல்லாமல் கேட்டாள்.

"என் புக்கை நான் பாக்கலாமா மேடம்? நான் இன்னும் பாக்கவே இல்ல."

பத்து மாதம். தன் பதிவேட்டை அவள் ஒருமுறைகூடக் கண்ணால் பார்க்கவில்லை. நான் தினகரனைப் பார்த்தேன். அவன் சுவரைப் பார்த்தான். உள்ளே போய் அவள் பதிவேட்டை எடுத்து வந்து கொடுத்தேன். படியில் நின்றபடியே நிதானமாக, உதடு அசைய முதல் பக்கம் முழுவதையும் படித்தாள். பிறகு நிமிர்ந்து என்னைக் கேட்டாள்.

"இது யாரு மேடம்?"

எத்தனையோ மேலதிகாரிகள் என்னைத் திட்டியிருக்கிறார்கள். ஒரு முறை முழு அரங்கத்தின் முன்னால் மைக்கில் திட்டு வாங்கியிருக்கிறேன். எதுவும் எனக்கு இப்படி வலித்ததில்லை. அந்தப் பெண் கிண்டலாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன். தினகரனும் பின்னால் வந்தான். மதிப்பீட்டாளர் இதற்குள் ஏதோ முடிவுக்கு வந்திருந்தார். எனக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டுதான் பேசினார் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

"பணியாளர்கள் தாங்களா எழுதிட்டாங்கனு நான் ரிப்போர்ட் போடலாம் மேடம். அவங்க பணியாளர் பதிவை நிறுத்திடுவோம். பிள்ளைங்களை அடுத்த சுற்றுக்குத் தள்ளிடலாம், ஆறு மாசம்தான். உங்க பயிற்சி மேல ஒண்ணும் வராது."

மேசையில் தண்ணீர் இருந்தது. ஒரு டம்ளர் எடுத்துக் குடித்தேன். மிக மெதுவாகக் குடித்தேன். குடித்து முடிக்கும்வரை அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது என்பதை உங்களிடம் மறைக்கப்போவதில்லை. ஓய்வுக்கு நாலு வருஷம் இருந்தது. நல்ல பெயர் இருந்தது. தினகரன் சின்னப் பையன், வேறு வேலை தேடிக்கொள்வான். பிள்ளைகளுக்கு ஆறு மாதம் பெரிதில்லை. எல்லாக் கணக்கும் ஒழுங்காக வந்தது. ஆனால் செவ்வாய்க்கிழமை வண்டி வரும். அதில் ஏறப்போகிறவள் என் பக்கத்தில், என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

லேப்டாப்பைத் திறந்து கலாவைத் திரையில் போட்டேன். "இதான் கலா. எழுதினது நான். படம் புடிச்சுக்கச் சொல்லி லைட்டை அணைச்சதும் நான்தான்" என்றேன்.

மதிப்பீட்டாளர் திரையையும் தரையில் கிடந்த பதிவேடுகளையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் உதட்டோரம் லேசாகத் துடித்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று புரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே நானும் சிரித்துவிட்டேன்.

பிறகு அவர் விதிகளைச் சொன்னார். என் பயிற்றுநர் அங்கீகாரம் ஒரு வருஷம் நிறுத்தம். அதற்குள் நானே ஒரு முழுப் பயிற்சியில் மாணவியாக உட்கார்ந்து தேற வேண்டும். அது அன்று சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து அமலுக்கு வரும். பதிவேடுகள் அத்தனையும் செல்லாது. எழுத வராத பிள்ளை வாயால் சொல்லலாம். மதிப்பீட்டாளர் அதை அப்படியே எழுதிக்கொண்டு வாசித்துக் காட்ட வேண்டும். பிள்ளை சரி என்றால் கையெழுத்து, அதற்குக் கீழே பயிற்றுநர் கையெழுத்து. அப்படி ஒரு விதி இருப்பது எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் காலையில் அதை நானே பாடமாக நடத்தியிருக்கிறேன். வேகமாக நடத்திவிட்டுப் போய்விடுவேன், ஏனென்றால் அதில் நேரம் ஜாஸ்தி பிடிக்கும்.

"இன்னைக்கு ஒருத்தரைத்தான் என்னால கேக்க முடியும். மத்தவங்களுக்கு ரெண்டு மாசத்துல திரும்ப வரேன். யாருக்கு அவசரம்?"

நான் வளர்மதியை அவர் எதிரே உட்கார வைத்தேன்.

மதிப்பீட்டாளர் பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, "நீ இதுல செஞ்ச ஒரு தப்பைச் சொல்லும்மா" என்று ஆரம்பித்தார். நான் பயிற்சியில் ஒருநாளும் சொல்லித் தராத கேள்வி அது. வளர்மதி சொன்னதை நினைவிலிருந்து எழுதுகிறேன்.

"ஆவணி மாசம் ஒரு தாத்தா வந்து சாமியானாகிட்ட ஒக்காந்துக்கினு இருந்தாரு. ரொம்ப நேரமா எழுந்துக்கவே இல்ல. தொலைஞ்சிட்டீங்களானு கேட்டேன், பதில் சொல்லல. பையில ஒரு சீட்டுல பேரும் ஊரும் இருந்துச்சு. எடுத்து மைக்குல சொல்லிட்டேன். கொஞ்ச நேரத்துல புள்ள, மருமக எல்லாம் வந்துட்டாங்க. எல்லார் எதிர்லயும் அவரைத் திட்டிக்கினே இழுத்துக்கினு போனாங்க. அவரு திரும்பிப் பாத்து, 'நான் உன்னைக் கேட்டனா?'னாரு. கண்ணுல தண்ணி. அவரு தொலையல மேடம். அவராத்தான் வந்து ஒக்காந்திருக்காரு."

கீழ்வீட்டில் குக்கர் விசில் அடித்தது. அவளே தொடர்ந்தாள்.

"அதுலருந்து யாரு வந்தாலும் மைக்கைத் தொட மாட்டேன். முதல்ல தண்ணி குடுப்பேன். யாரையாச்சும் கூப்பிடணுமா, இல்ல கொஞ்ச நேரம் சும்மா ஒக்காரணுமானு கேப்பேன். நெறைய பேரு சும்மா ஒக்காரத்தான் வராங்க. அவங்களுக்குனு கடைலருந்து ஒரு பெஞ்சு எடுத்தாந்து போட்டேன். அப்பா திட்டுனாரு, யாவாரம் போவுதுனு. இருக்கட்டும்னு வுட்டுட்டேன். கொயந்தைங்கன்னா மட்டும் உடனே மைக்கு. அதுங்களைக் கேக்க மாட்டேன்."

"இது ஏன்மா புக்ல இல்ல?"

"தினகரன் சார் கிட்ட சொன்னேன். அது நெகட்டிவா இருக்குது, வேணாம்னாரு."

தினகரன் மூலையில் நின்றபடி, "வெள்ளி கெடைக்காம போயிடக் கூடாதேன்னுதான் மேடம்" என்றான். அழும் நிலையில் இருந்தான். அவனை உட்காரச் சொன்னேன். அவன் ஆவணி மாதமே கேட்டுவிட்டான் பாருங்கள், இந்த விருது எதற்காக ஏற்பட்டதோ அந்தப் பேச்சை. கேட்டுவிட்டு என் கலாவைப் போய்த் தேடியிருக்கிறான். எனக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. கலா மேல்தான் வந்தது.

மதிப்பீட்டாளர் மூன்று பக்கம் எழுதினார். வாசித்துக் காட்டினார். நடுவில் ஓரிடத்தில் வளர்மதி கையை நீட்டி நிறுத்தினாள்.

"பொறுமையைக் கத்துக்கிட்டேன்னு நான் சொல்லலையே மேடம். எனக்குப் பொறுமையே கெடையாது. பெஞ்சு போட்டேன்னுதான் சொன்னேன்."

மதிப்பீட்டாளர் காகிதத்தைப் பார்த்தார். தான் எழுதியதுதான் என்று தெரிந்ததும் காது வரை சிவந்துவிட்டார். பொறுமையை அடித்துவிட்டு பெஞ்சு என்று எழுதினார். இதை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நாற்பத்து மூன்று பதிவேடுகளைத் தரையில் பரப்பிக் கண்டுபிடித்தவருக்கே, சில மணி நேரம் கழித்துக் கை தானாக அந்தப் பக்கம் போகிறது. நமக்கெல்லாம் பிள்ளை சொல்வது போதவே போதாது. கொஞ்சம் மெருகு போட்டால்தான் தூக்கம் வரும். பிள்ளை பெஞ்சு என்றால் பெஞ்சு என்று எழுதுங்கள். அதைப் படிக்கிறவர் பொறுமையைத் தானே பார்த்துக்கொள்வார்.

கடைசியில் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: 'உங்களுக்கு வழிகாட்டி உதவிய இளைஞர் பணியாளரின் பெயர்.' மதிப்பீட்டாளர் பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு, பெயரைத் தானே போட்டுவிடுகிறவர் போல, "தினகரன் தானே?" என்றார்.

வளர்மதி அவன் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவனைப் பிடிக்காதவள் இல்லை. சங்கடத்தோடுதான் சொன்னாள்.

"சார் வருவாரு. போட்டோ எடுப்பாரு. நல்லா பேசுவாரு, போயிடுவாரு. உதவின்னு கேட்டா... யாரும் இல்ல மேடம்."

அறையில் மூன்று பெரியவர்கள் இருந்தோம். மூன்று பேருக்கும் சம்பளம் வந்தது அந்தக் கேள்விக்காகத்தான். தினகரன் நிமிரவே இல்லை. நான் நிமிர்ந்துதான் இருந்தேன், ஆனால் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

மதிப்பீட்டாளர் மெல்ல, "சரிம்மா, அப்போ அந்த எடத்தைக் காலியா விட்டுடட்டுமா?" என்று கேட்டார்.

"வேணாம் மேடம்" என்றாள் வளர்மதி. "காலியா வுட்டா அப்புறம் யாராச்சும் எழுதிடுவாங்க. யாரும் இல்லன்னே போடுங்க."

'யாரும் இல்லை' என்று எழுதினார். வளர்மதி வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். அதற்குக் கீழே, 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை என்று உறுதியளிக்கிறேன், பயிற்றுநர்' என்று அச்சடித்திருந்தது. மணி நாலரை. இன்னும் அரை மணி நேரத்துக்கு நான்தான் பயிற்றுநர். அந்த வரியை இன்னொரு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். மதிப்பீட்டாளர் அதையே வெள்ளிச் சான்றுக்கு ஏற்றுக்கொண்டார். திங்கட்கிழமை அவள் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு வேலூர் போய்க் கல்லூரியில் சேர்ந்தாள்.